ஆடாத குமிழ்

ஜூலை பிறந்துவிட்டால் மெக்சிகோவின் பாலைவன நகரமான மெஹிகாலியில் யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை. "வீட்ல ஐஸ் இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். அந்த ஐஸைப் போட்டு விற்கும் பைகளுக்கான பிளாஸ்டிக் ஃபிலிமைத்தான் ஒதிலியா வெர்துகோ வேலை பார்த்த தொழிற்சாலை தயாரித்தது. ஊரே பைக்காகப் பறக்கும் அந்தக் கோடையில்தான் அவளுடைய இயந்திரம் நொண்டியடிக்கும்.

உருகிய பிளாஸ்டிக், வட்டமான ஒரு வாய் வழியே கிளம்பி, உள்ளே அடைத்த காற்றில் குமிழாக உப்பி, இரண்டு மாடி உயரம் ஏறி, உச்சியில் உருளைகளுக்கு நடுவே நசுங்கித் தட்டையாகும். கீழே வாயைச் சுற்றியிருக்கும் காற்று வளையம் குளிர்ந்த காற்றை ஊதினால்தான் குமிழ் இறுகும். வெளியே நாற்பத்தேழு டிகிரி கொளுத்தும்போது குளிர்ந்த காற்றுக்கு எங்கே போவது? குமிழ் இளகிய மேனியோடு மேலே போய்க் குடிகாரனைப் போலத் தள்ளாடும். அப்படித் தள்ளாடிய ஃபிலிம் ஓரிடத்தில் தடிக்கும், ஓரிடத்தில் மெலியும். மெலிந்த இடத்தில் ஐஸ் குத்தி, பை கிழியும். ஆகவே கோடை வந்ததும் வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிடுவார்கள். ஒதிலியா பொறியாளராகச் சேர்ந்த நாளிலிருந்து அதுதான் வழக்கம்.

அந்த வருடம் திஹுவானா தலைமை அலுவலகத்திலிருந்து முதலாளி எவாரிஸ்தோ கிரோகா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஒதிலியா, கோவிச்சுக்காதே. வெயில் வந்தா உங்க ஊரு நாயும் உங்க ஊரு மிஷினும் ஒண்ணுதான். நிழலைப் பாத்தா படுத்துக்குது. பேசாம மிஷினைக் கழட்டி இங்க கொண்டாந்துடலாம்னு இருக்கேன். இங்க கடல் காத்து, வருஷம் பூரா ஓட்டலாம்."

"ஆளுங்க, தோன் எவாரிஸ்தோ?" என்று, பெரியவர்களை அழைக்கும் மரியாதைச் சொல்லோடு கேட்டாள்.

"வர்றவங்க வரட்டும்."

யாரும் போகமாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியும். வீடும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் இங்கே இருக்கின்றன.

"கழட்ட எப்ப வர்றீங்க?"

"ஆகஸ்ட்ல."

"வாங்க. ஓடறதைப் பாத்துட்டு அப்புறம் கழட்டுங்க" என்று சொல்லிவிட்டாள். போனை வைத்துவிட்டு நேராக இயந்திரக் கூடத்துக்கு நடந்தாள்.

அந்த இயந்திரத்தை ஓட்டுகிறவன் ருதிலியோ ஆர்சே. அவன் மகளுக்கு ஒதிலியாதான் ஞானத்தாய். அந்த உறவுக்குரிய மரியாதையோடு அவள் அவனைக் கொம்பாத்ரே என்றும் அவன் அவளைக் கொமாத்ரே என்றும் அழைத்துக்கொள்வார்கள். விஷயத்தைக் கேட்டதும் ருதிலியோ தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டான்.

"சவால் விட்டுட்டீங்க, சரி. என்ன செய்யப் போறோம் கொமாத்ரே?"

"காத்தைக் குளிர வைக்கப் போறோம்."

கொல்லைப்புறத்தில் துருப்பிடித்துக் கிடந்த, தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் இயந்திரத்தைப் பழுது பார்த்து, அதன் குளிர்நீர் ஓடும் சுருளைக் காற்று வரும் வழியில் பொருத்தினார்கள். முதல் நாள் குழாய்கள் வியர்த்தன. ஒரு சொட்டு தெறித்துக் குமிழில் விழ, அது பட்டென்று வெடித்துச் சரிந்தது. குழாய்களுக்கெல்லாம் பஞ்சு சுற்றினார்கள். மறுநாள் ருதிலியோ வளையத்தருகே கையை நீட்டிப் பார்த்தான்.

"டிசம்பர் வந்துடுச்சு கொமாத்ரே! கிறிஸ்மஸுக்கு அவிக்கிற தமால் எங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மதியம் வரைகூடத் தாங்கவில்லை. வேகத்தைக் கூட்டியதும் குமிழ் இறுகியது என்னவோ உண்மை, ஆனால் ஆட்டம் நிற்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்வதும் நிமிர்வதுமாக இடுப்பை ஒடித்தது. ஒதிலியா வளையத்துக்கு மட்டம் பார்த்தாள், குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஊதிப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன. கிரோகா வரும் நாள் நெருங்க நெருங்க அவளுக்குச் சோறும் இறங்கவில்லை.

ஒரு நாள் மதியம் ருதிலியோ சாப்பிடப் போனான். அவன் வரும்வரை இயந்திரத்தை அவளே பார்த்துக்கொண்டாள். அன்று குமிழ் அசையாமல் நின்றது! அவள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பார்த்தாள். அவன் திரும்பி வந்து வழக்கம்போலத் தன் முதுகுக்குப் பின்னாலிருந்த ராட்சத மின்விசிறியைப் போட்டான். குமிழ் சாய்ந்தது.

"அணைங்க!"

"எதை?"

"அந்த விசிறியை அணைங்க கொம்பாத்ரே!"

அணைத்தான், குமிழ் நிமிர்ந்தது. போட்டான், சாய்ந்தது. இத்தனை வருடமாக அந்த விசிறியும் குமிழைத் தள்ளிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எல்லோரும் பழியை வெயில் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கிறார்கள்.

"அப்ப நான் இங்க நின்னு உப்புக்கண்டமா காயணுமா?" ருதிலியோவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏசி ரூம்ல இருந்துக்கிட்டு நீங்க சொல்லிடுவீங்க."

ஒதிலியா விசிறியை அணைத்துவிட்டு அவன் இடத்தில் போய் நின்றாள். உருகும் பிளாஸ்டிக்கின் அனல் முகத்தில் அறைந்தது. கொஞ்ச நேரத்தில் கண் இருட்டிக்கொண்டு வர, கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ருதிலியோவே ஓடிவந்து விசிறியைப் போட்டுத் தண்ணீரும் கொடுத்தான்.

"கோவத்துல சொன்னேன். மன்னிச்சுக்குங்க."

"நீங்க சொன்னது சரிதான். மனுஷனுக்கு விசிறி வேணும்" என்றாள், தண்ணீர் கழுத்தில் வழிய. "குமிழுக்குத்தான் அது ஆகாது. அப்ப குமிழைச் சுத்திச் சுவர் கட்டிடுவோம்."

இரும்புக் குழாய்களில் ஒரு சட்டம் செய்து, தங்கள் ஃபிலிமையே அதில் இழுத்துக் கட்டினார்கள். ஆளுயரத்துக்கு மேல் கண்ணாடி போன்ற ஒரு கூண்டு, மேலே மட்டும் திறந்திருந்தது.

"கல்யாணப் பொண்ணுக்கு முக்காடு போட்ட மாதிரி இருக்கு" என்றான் ருதிலியோ.

"பொண்ணு இனிமே மானமா நிப்பா, பாருங்க."

பிறகு இருவருமாக வளையத்தில் காற்று வெளிவரும் இரண்டு உதடுகளையும் திருத்தினார்கள். கீழ் உதட்டில் குமிழைப் பிடித்து வைக்கும் அளவுக்கு மெல்லிய காற்று, மேல் உதட்டில் குளிர வைக்கும் பலத்த காற்று. அவள் மேலே பார்த்துச் சொல்லச் சொல்ல, அவன் மயிரிழை மயிரிழையாகத் திருகினான்.

கிரோகா வந்த அன்று நாற்பத்தெட்டு டிகிரி. வண்டியிலிருந்து இறங்கி வாசலுக்கு வருவதற்குள் அவர் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. உள்ளே வந்து வேகம் காட்டும் பலகையைப் பார்த்தார். ஜனவரியில் ஓடும் வேகம்.

"இது நிஜமா?"

"இன்னும் ஏத்தட்டுமா?" என்றாள் ஒதிலியா. அவர் விழிப்பதற்குள் ருதிலியோ ஏற்றியே விட்டான்.

அந்த நேரம் பார்த்து, சரக்கேற்ற வந்த லாரிக்காக யாரோ பின்பக்கக் கதவைத் திறந்தார்கள். பாலைவனத்துப் புழுதிக் காற்று ஓவென்று உள்ளே பாய்ந்தது. கூண்டின் ஃபிலிம் படபடவென்று அடித்துக்கொள்ள, ஒதிலியா அண்ணாந்து பார்த்தாள். கூண்டுக்குள் குமிழ் தேவாலயத்துத் தூண்போல நின்றது. ஒரு நெளிவு இல்லை, ஒரு நடுக்கம் இல்லை.

கிரோகா ஒரு துண்டை வெட்டி, கருவியில் வைத்துச் சுற்றிலும் கனம் பார்த்தார். மறுபடி இன்னொரு துண்டை வெட்டினார். எல்லா இடத்திலும் ஒரே கனம்.

"எங்க மிஷின்கூட இவ்வளவு ஒழுங்கா ஊதாது" என்றார், பாதி தனக்குள்ளேயே.

"உங்க ஊர்ல கடல் காத்தாச்சே, தோன் எவாரிஸ்தோ. குமிழைப் பிடிச்சுத் தள்ளும்ல?" என்றான் ருதிலியோ, முகத்தைக் குழந்தைபோல வைத்துக்கொண்டு.

கிரோகா அவனை முறைத்தார். பிறகு அடக்கமுடியாமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"சரிம்மா, தோத்துட்டேன். இதைக் கழட்டல. திஹுவானால இருக்கிற ரெண்டாவது மிஷினை இங்க அனுப்பறேன். இடம் இருக்கா?"

"இடம் இருக்கு. ஓட்ட ஆள் எடுக்கணும். ஆளை நான்தான் எடுப்பேன்."

"எடுத்துக்கோ."

பக்கத்தில் நின்ற தொழிலாளி ஒருவன் ஸ்பானரால் இரும்புத் தூணில் ஓங்கித் தட்டினான். அடுத்தவனும் தட்டினான். பேக்கிங் பெண்கள் மேசையை அறைந்தார்கள். கூடமே கோயில் மணிபோல அதிர்ந்தது. ஒதிலியா யாரிடமும் சொல்லாமல் இரும்பு ஏணியில் ஏறி, உச்சி மேடையில் போய் நின்றாள். அவளுக்கு ஒரு கை தூரத்தில், கண்ணாடிபோலத் தெளிந்த ஃபிலிம் உருளைகளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கீழேயிருந்து ருதிலியோ கத்தினான்:

"இன்னும் கொஞ்சம் ஏத்தட்டுமா கொமாத்ரே?"

"ஏத்துங்க!" என்று அவளும் கத்தினாள்.