சாயபுவின் கோரோசனை

ஆம்பூர் தோல் மண்டி ஜியாவுல்லா சாயபு பகலெல்லாம் பட்டினி கிடப்பார். பொழுது சாய்ந்ததும் நெய் மிதக்கும் பிரியாணிக்கு முன் உட்கார்ந்தால் தேக்சா அடி தெரியும்வரை எழுந்திருக்கமாட்டார். அப்படி ஒருநாள் சாப்பிட்டு எழுந்தபோது வலது விலாவுக்குக் கீழே யாரோ கத்தியை விட்டுத் திருகினமாதிரி வலித்தது. சுவரில் முட்டிக்கொண்டார். காரை பெயர்ந்தது, வலி போகவில்லை.

வேலூர் டாக்டர் விலாவை அழுத்திப் பார்த்து, படமும் எடுத்துப் பார்த்தார்.

"பித்தப்பையில கல்லு. இருக்கிறது கரையாது, வளராம பாத்துக்கணும். பட்டினி கிடந்து மொத்தமா கொட்டாதீங்க. வேளாவேளைக்குக் கொஞ்சமா சாப்பிடுங்க. நெய், கொழுப்பு கம்மி பண்ணுங்க, நடங்க. பை வீங்கிச் சீழ் பிடிச்சா உசுருக்கே ஆபத்து."

சாயபு காதில் விழுந்தது முதல் இரண்டு வார்த்தை. மாட்டின் பித்தப்பையில் கல் இருந்தால் அதுதான் கோரோசனை. ஆயிரம் மாடு அறுத்தால் ஒன்றில் கிடைக்கும். வைத்தியர்கள் பொன் கொடுத்து வாங்குவார்கள். ரயிலில் எதிரே இருந்தவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரயில் ஆம்பூரை அடையுமுன்பே சேதி வந்து பிளாட்பாரத்தில் நின்றது.

"டாக்டர் இன்னா சொன்னாரு?" என்றாள் மனைவி அஃப்ஸர் ஜஹான்.

"வளத்துக்கச் சொன்னாரு."

அவள் சந்தேகத்தோடுதான் நெய் ஊற்றினாள்.

வெள்ளிக்கிழமை வாலாஜாபேட்டை பச்சையப்பன் வந்தான். மாடு அறுக்கும் தொட்டிகளில் கோரோசனை பொறுக்குகிறவன். அவன் நுழைந்தால் தெருநாய்கூடக் குரைக்காது. கையில் ஒரு குடம் நெய்.

"இன்னாய்யா பச்சையப்பா, நெய்யெல்லாம்?"

"சாப்பிடுங்க சாயபு, தெம்பா இருக்கும்." கட்டைவிரலால் சாயபுவின் கீழிமையை இழுத்துப் பார்த்தான். "கல்லு முத்தின மாட்டுக்குக் கண்ணு மஞ்சளாயிடும். உங்களுக்கு வெள்ளையாத்தான் இருக்குது. அவசரமில்ல."

"முத்தினா?"

"தீனி எடுக்காது. காய்ச்சல் காயும். தொட்டிக்கு ஓட்டியாந்துடுவாங்க."

சாயபு சட்டையை இழுத்து விலாவை மூடிக்கொண்டார். "உசுரோட இருக்கிற மாட்டுலேர்ந்து எப்பனா எடுத்திருக்கியா?"

பச்சையப்பன் யோசித்தான். "இத்தினி வருசத்துல ஒரு மாடும் இதைக் கேட்டதில்ல சாயபு."

அன்று சாயபு பிரியாணியைத் தள்ளிவைத்தார்.

"நெசத்த சொல்லுங்க, டாக்டர் இன்னாதான் சொன்னாரு?"

"வளராம பாத்துக்கச் சொன்னாரு."

அஃப்ஸர் ஜஹான் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "தோல் வியாபாரத்துல கூடவா இப்பிடித்தான் காது கேக்குது?" என்றவள், பச்சையப்பனின் நெய்யை மாட்டு வண்டிக்காரனிடம் அச்சுக்குப் பூசக் கொடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் சோறும் கீரையும், ராத்திரி சப்பாத்தி. சாயங்காலம் பாலாற்று மணலில் நடை. வலி அண்டவில்லை. பச்சையப்பன் மட்டும் தினமும் இருபது அடி பின்னால் நடந்தான். பேசமாட்டான், முந்தமாட்டான்.

ஒருநாள் நடுமணலில் சாயபுவுக்கு விலாவுக்குக் கீழே லேசாகச் சுருக்கென்றது. நின்றார். பின்னால் காலடியும் நின்றது. அவன் மடியிலிருந்த சின்னத் தராசின் தட்டுகள் ஒன்றோடொன்று உரசின.

சாயபு திரும்பிப் பார்க்கவில்லை. நடையைக் கூட்டினார்.