கட்டில் காலில் கிருஷாந்த்

"இன்னியிலேர்ந்து இவன இங்க கொண்டாராத, தர்மிளா" என்று தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவின் வாசலை மறித்து நின்றாள் ஆயா சுப்பம்மா. "கூப்புட்டாத் திரும்ப மாட்டேங்கிறான். பேச்சும் கெடையாது. நேத்து பக்கத்துப் புள்ளையக் கடிச்சு வச்சிட்டான். முனி அடிச்ச புள்ளைய நான் எப்படி அடக்குறது?"

நாலு வயது கிருஷாந்த், தாயின் இடுப்பில் இருந்தபடி தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காது நல்லாக் கேக்கும் அக்கா. கொழுந்து லொறி வந்தா காதப் பொத்திக்கிறான்ல?"

"அப்ப அந்த லொறியவே வளக்கச் சொல்லு!"

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. பிந்தினால் கங்காணி அரைப் பேர்தான் போடுவார்; அரை நாள் சம்பளம்தான் கிடைக்கும். புருஷன் கொழும்பில் கடை வேலை. லயத்து அறையில் பிள்ளையைப் பார்க்க வேறு ஆளில்லை. தர்மிளா பழைய சேலையைக் கிழித்து, மகனின் இடுப்பைக் கட்டில் காலோடு கட்டினாள். மலையில் அவள் கை கொழுந்து பறித்தது. காது லயத்திலேயே கிடந்தது. மறுநாளும் அதே சேலைதான். அதற்கடுத்த நாளும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஓப்பநாயக்க டவுனில் லாபிர் முதலாளியின் வீட்டைக் கூட்டித் துடைப்பாள். அந்த ஞாயிறு மகனையும் கூட்டிப் போனாள். எப்போதும் சாத்தியிருக்கும் அறை அன்று திறந்திருந்தது. உள்ளே முதலாளியின் மகன் ஸாஜித் சட்டிமூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். கிருஷாந்த் போய் உட்கார்ந்து இன்னொரு மூடியைச் சுழற்றினான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவேயில்லை.

கதவை மூட ஓடிவந்த முதலாளியின் மனைவி ஸபியா, கிருஷாந்தின் இடுப்பைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இதென்ன தழும்பு?"

"கட்டிப் போட்டுட்டுத்தாங்க நோனா மலைக்குப் போறேன். காத்துக் கருப்புன்னு சொல்றாங்க."

"காத்துமில்ல, கருப்புமில்ல புள்ள. இதுக்குப் பேரு ஆட்டிசம். எங்கட ஸாஜிதுக்கும் இதுதான். ரெண்டு வயசுலயே டொக்டர் கண்டுபிடிச்சார். டீச்சர் ஒராள் பழக்கிக் குடுத்தாங்க, இப்ப தண்ணி வேணும்னா கையக் காட்டிக் கேக்கிறான். செவ்வாக்கிழம அந்த டீச்சர்ட்டத்தான் போறம், எங்கட வேன்ல நீங்களும் வாங்க."

"அன்னிக்குப் பேர் போயிருமேங்க, சம்பளம் வராதே..." தர்மிளா மகனின் தழும்பைத் தடவினாள். "போனாப் போவட்டும். வர்றோம்."

கூடத்திலிருந்து லாபிர் சீறினார். "ஒனக்குப் பைத்தியமா? லயத்துப் புள்ளைய ஏத்திட்டுப் போனா, எங்க போறீங்கன்னு ஊரே கேக்கும். எங்கட புள்ளைட விஷயமும் வெளிய வரும்!"

"கேக்கட்டும், என்னண்டு நானே செல்றன்" என்றாள் ஸபியா. "ரெண்டு புள்ளைக்கும் ஈக்கிறது ஒண்டுதான். வசதி ஈந்ததால எங்கட புள்ளைக்கு டீச்சர் கெடச்சாங்க. இல்லாததால இந்தப் புள்ளைக்குக் கட்டில் கால்தான் கெடச்சிச்சு. நாங்க வெக்கப்பட்டு வாய மூடிக்கிட்டதால, இவங்களுக்கு இதுட பேர் கூடத் தெரியாமப் போச்சு. புள்ளைக்கு வந்தது குத்தமில்ல; அத மறைச்ச நாங்கதான் குத்தவாளி."