ஒரு கேள்வி அதிகம்

அந்த வக்கீலுக்கு நீதிமன்றத்தில் 'தந்தி' என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் வழக்குத் தாளோடு சரி. மனிதர் உட்கார்ந்தால் போதும், வலது முழங்கால் தந்தி அடிப்பதுபோல ஆட ஆரம்பித்துவிடும். ஆட்டம் பெஞ்சுக்குப் பரவி, தரைக்கு இறங்கி, நீதிபதி அம்மாவின் தண்ணீர் டம்ளரில் அலையடிக்கும். ஒருமுறை தட்டச்சு இயந்திரம் அதிர்ந்ததில் 'விடுதலை' என்ற சொல் நாலு தரம் விழுந்து, கைதியை நாலு தரம் உள்ளே அழைத்து வெளியே அனுப்ப வேண்டியதாயிற்று. பார்த்தவர்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள்.

காலைக்கூட மன்னிக்கலாம். வாய்தான் வம்பு. சாட்சியை மடக்கியதும் பேசாமல் உட்கார வேண்டும். இவர் கூடுதலாக ஒரு கேள்வி கேட்பார். கண்ணாடி இல்லாமல் எதிரே நிற்பவர் முகம் தெரியாது என்று ஒரு சாட்சி ஒப்புக்கொண்டார். அதோடு விட்டாரா? "அப்புறம் எப்படி இவர்தான்னு சொல்றீங்க?" என்றார். "எங்கண்ணன் குரல் எனக்குத் தெரியாதா, ஐயா?" என்று பதில் வந்தது. அண்ணன் உள்ளே போனான்.

இப்போது மாட்டியிருப்பது சொந்தத் தங்கையின் புருஷன். பஸ் டிரைவர். சிவப்பு விளக்கை மதிக்காமல் போய், போக்குவரத்துக் காவலரின் நிழற்குடையை இடித்துத் தள்ளினார் என்று வழக்கு. நல்லவேளை, காவலர் யாரையோ திட்டுவதற்காக எதிர்ப்பக்கம் போயிருந்தார். குற்றம் ருசுவானால் லைசென்ஸும் வேலையும் சேர்ந்து போகும்.

"அண்ணா, இவருக்கு வேலை போச்சுன்னா நானும் பிள்ளைங்களும் பெட்டியோட உன் வீட்டுக்குத்தான் வருவோம்" என்றாள் தங்கை. "மரியாதையா அந்தக் கடைசிக் கேள்வியை முழுங்கக் கத்துக்கோ."

வக்கீல்கள் சங்க மாடியில் தியான வகுப்பு நடந்துகொண்டிருந்தது. தந்தி போனார்.

"கண்ணை மூடுங்க. மூச்சு உள்ள வருது, வெளிய போகுது. சும்மா கவனிங்க" என்றார் டீச்சர். சின்னப் பெண்தான்.

"ஆட்சேபணை! வருதுன்னு யார் பார்த்தா?" என்றார் சொத்து வழக்கு வக்கீல். "என் மூச்சுக்கு வாய்தா வேணும்" என்றார் இன்னொருவர்.

தந்தி தன் மூச்சைக் குறுக்கு விசாரணை செய்தார். எங்கிருந்து வருகிறாய்? யார் அனுப்பினது? முழங்கால் ஆடிய ஆட்டத்தில் அவர் பாய் மெல்ல நகர்ந்து வாசலுக்குப் போய்விட்டது. அரசு வக்கீலுக்கு மட்டும் தியானம் சட்டென்று பிடிபட்டது. வகுப்பு முடிந்து கதவைப் பூட்டிய பிறகும் மனிதர் உள்ளே சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாராம்.

டீச்சர் தந்தியைத் தனியே அழைத்து, அவர் சிக்கலைக் கேட்டுக்கொண்டார். "சார், உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன். கேள்வி நாக்குல வந்து நின்னா, நிதானமா ஒரு மூச்சு விடுங்க. அவ்வளவுதான்."

விசாரணை நாள். சாட்சிக் கூண்டில் முச்சந்தி மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். சிவப்பு விளக்கில்தான் பஸ் போனது என்று அடித்துச் சொன்னார்.

தந்தி எழுந்தார். "பஸ் போனது சாயங்காலம். அப்ப வெயில் நேரா உங்க கண்ணுல அடிக்கும், இல்லையா?"

"அடிக்கும்."

"அந்த நேரத்துல எந்த விளக்கு எரியுதுன்னே தெரியாது?"

கடைக்காரர் தயங்கினார். "வெயில்ல விளக்கு தெரியாதுதான்..."

கேள்வி கிளம்பிவிட்டது. 'அப்புறம் எப்படிச் சிவப்புன்னு சொல்றீங்க?' தொண்டையைத் தாண்டி, நாக்கில் ஏறி, பல்லை முட்டியது. தந்தி கண்ணை மூடினார். மூச்சு உள்ளே போனது. வெளியே வர மறுத்தது, வந்தால் கேள்வியும் கூடவே வரும். காது சிவந்தது. கறுப்பு அங்கி பலூனாக உப்பியது. குதிகால் தரையை விட்டு எழும்பியதால் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"கேளுங்க சார்" என்றார் சாட்சி.

தந்தி கேட்கவில்லை.

"எப்படின்னு கேளுங்க! பதில் வெச்சிருக்கேன்!"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா போதும்" என்றார் நீதிபதி அம்மா.

புஸ்ஸென்று மூச்சை விட்டார் தந்தி. கேள்வி வரவில்லை. "அவ்வளவுதான் அம்மா" என்று உட்கார்ந்தார்.

இனி அரசு வக்கீல் எழுந்து அந்த ஒரு கேள்வியைக் கேட்டால் கதை கந்தல். நீதிபதி அம்மா அவரைப் பார்த்தார். "மறுவிசாரணை இருக்கா?"

அரசு வக்கீல் மெல்லக் கண் திறந்தார். முகத்தில் அப்படியொரு சாந்தம். "எதையும் பிடிச்சு வெச்சுக்கக் கூடாதும்மா" என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

வேறு சாட்சி இல்லை. மாப்பிள்ளைக்கு விடுதலை; இந்தத் தடவை ஒரே தரம்தான்.

வராந்தா பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தந்தி முழுங்கிய கேள்வியோ பதில் சொல்ல ஆள் தேடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் அதற்குள் கோபமாகப் படியிறங்கிவிட்டார். மிச்சமிருந்தது மாப்பிள்ளைதான்.

தந்தி ஒரு மூச்சு விட்டுப் பார்த்தார். இன்னொன்றும் விட்டார். பலிக்கவில்லை.

"மாப்பிள்ளை, தப்பா நினைக்காதீங்க. அன்னிக்கு நிஜமா என்ன விளக்கு எரிஞ்சுது?"

டிரைவர் முதுகை நிமிர்த்தினார். கைகளை மடியில் வைத்தார். கண்ணை மூடினார்.

"மாப்பிள்ளை?"

"மூச்சைக் கவனிச்சுக்கிட்டு இருக்கேன் மச்சான்."

பெஞ்சு ஆட ஆரம்பித்தது.

"அண்ணா, காலை நிறுத்து" என்றாள் தங்கை.