மாமன் பத்திரிகையில் மஞ்சள் கூடிப்போன கதை

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் கேட்டு நான் திணறக் கூடாது.

வேறொரு கதையை வார இதழுக்கு அனுப்பத் தபாலாபீசில் நின்றிருந்தேன். தராசில் வைத்தார்கள். முள் கோட்டைத் தாண்டியது. “ஒரு தாளை எடுத்துட்டா ஒட்டுன ஸ்டாம்பே போதுங்க” என்றார் கவுண்டரில் இருந்தவர். எந்தத் தாளை எடுப்பது? முதல் தாளில் என் பெயர் இருந்தது. நடுத்தாளை எடுத்தால் ஒருவன் பாதிக் கிணற்றில் தொங்குவான். கடைசித் தாளை உருவி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கதை பிரசுரமானது. முடிவு பிரமாதம் என்று எழுதினவர்களும் உண்டு.

அன்று பஸ்சில் திரும்பும்போதுதான் சௌந்திரம் ஞாபகத்துக்கு வந்தாள். அல்லது அப்போதுதான் அவளை உண்டாக்கினேன். இது எனக்கே இன்னும் தெளியவில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி:

ஐப்பசி மழை ஓய்ந்து வெயில் அடித்த ஒரு காலைப்பொழுதில் சௌந்திரம் தன்

(வேண்டாம். வெயில் அடித்தால் மஞ்சள் காய்ந்துவிடும். மஞ்சள் காய்ந்தால் கதை இல்லை.)

இரண்டாம் முயற்சி:

பின்கோடு வந்த புதிது. திருச்செங்கோட்டுக்கு மேற்கே ஓர் ஊர். நாள் முழுக்கத் தூறல். சௌந்திரம் வட்டிலில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு, மகளுடைய கல்யாணப் பத்திரிகைகளுக்கு மூலைமூலையாய்த் தொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.*

இது பரவாயில்லை. மேலே போகலாம்.

அவளுக்குக் கூடப் பிறந்தது ஒரே அண்ணன். பெயர் சின்னண்ணன். (பெரியண்ணன் என்று யாரும் கிடையாது. ஏன் அப்படிப் பெயர் வைத்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.) ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளி அரைத்து ஜவ்வரிசி செய்கிற ஆலை வைத்திருந்தார். ஒரு விருந்தில், அவர் அனுப்பிய ஜவ்வரிசியில் காய்ச்சிய பாயசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, சௌந்திரத்தின் புருசன் மருதாசலம், “மச்சான், இதுல சினிமா நோட்டீசு ஒட்டலாமா?” என்றார். பந்தியே சிரித்தது. சின்னண்ணன் எச்சில் கையோடு எழுந்து போனவர்தான். பல வருசமாகப் பேச்சு இல்லை.

கொங்குக் கல்யாணத்தில் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டத் தாய்மாமன் வேண்டும். அந்த மாமனை வெற்றிலை பாக்கோடு நேரில் போய்த்தான் அழைக்க வேண்டும்.

“ஏனுங்க, ஒரு எட்டு ஆத்தூருக்குப் போயிட்டு வந்தர்லாமுங்களா?”

“ஊருக்கெல்லாம் தபால்ல போறாப்புல அவனுக்கும் ஒண்ணு போவட்டும். தனியாக் கடுதாசு கிடுதாசு எழுதுன, அப்பறம் நான் மனுசனா இருக்கமாட்டேன்.”

“பட்டம் ஆரு கட்டறது?”

“மாமன் மொறைல எவனையாச்சும் நிறுத்திக்கலாம் புள்ள. பட்டம் கட்டறதுக்கு ரெண்டு கைதான வேணும்.”

சௌந்திரம் மறுபடி வட்டிலில் விரலைத் தோய்த்தாள். அவள் அண்ணனுக்குச் சொல்ல அனுமதி கிடைத்ததெல்லாம் மஞ்சளால் சொல்ல முடிந்தது மட்டும்தான்.

* மஞ்சள் இல்லாமல் போகிற பத்திரிகை கருமாதிப் பத்திரிகை. அதனால் ஒரு மூலையாவது மஞ்சள் பட்டே ஆக வேண்டும். இதைத் தபால் இலாகாவின் எந்த விதியும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

3

போஸ்ட்மாஸ்டர் தீர்த்தகிரி ஓமலூர்க்காரர். மொத்தத் தபால் விதிகளைப் பாராயணம் மாதிரி ஒப்பிப்பார். அச்சடித்த பத்திரிகை என்றால் உறையை ஒட்டக் கூடாது, சல்லிசு ஸ்டாம்பு. எல்லாம் ஒரே மாதிரி, ஒரே எடையாக இருக்க வேண்டும். பின்கோடு வாரியாகப் பிரித்துக் கட்ட வேண்டும்.

(பின்கோட்டின் வேகத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் ஒருவருக்குப் பின்கோடு போட்ட கல்யாணப் பத்திரிகை வந்தது. விசாரித்தால் அந்த வீட்டில் அப்போதுதான் பெண் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.)

ஒவ்வொரு உறையாக நிறுக்கத் தீர்த்தகிரிக்குப் பொறுமை இல்லை. ஒரு கட்டை மொத்தமாகத் தராசில் வைத்து, எண்ணிக்கையால் வகுத்துவிடுவார். மருதாசலம் ஆசைப்பட்டுக் கெட்டி அட்டையில் அடித்திருந்தார். அதன் மேல் ஈர மஞ்சள். முள் தாண்டிவிட்டது.

“மஞ்சளக் கொறைங்க. இல்லாட்டி ஸ்டாம்பு கூட ஒட்டுங்க” என்றார் தீர்த்தகிரி.

“ஸ்டாம்பு ஒட்ட நான் ஒண்ணும் ஜமீன் இல்லீங்க. இந்தா புள்ள, எடுத்துட்டுப் போயிச் சொரண்டு” என்றார் மருதாசலம்.

சௌந்திரம் உறைகளைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தவள், நின்று திரும்பினாள்.

“ஏனுங்க, எடை கூடிப்போனது தெரியாம ஒண்ணு போயிருச்சுன்னா என்ன ஆவுமுங்க?”

“இங்க கட்டோட போயிடும்மா. அங்க பிரிச்சா ஒவ்வொண்ணும் தனித்தனி. எடுத்துப் பாப்பாங்க, கனமா இருந்தா நிறுப்பாங்க. கொறையற காசுக்கு ரெட்டிப்பா, வாங்கறவங்க தண்டம் கட்டணும்.”

“வாங்கமாட்டேன்னுட்டா?”

“திரும்பி உங்க ஊட்டுக்கே வரும்.”

“அப்ப ரெண்டுல ஒண்ணு நமக்குத் தெரிஞ்சுருமுங்க” என்றாள்.

தீர்த்தகிரிக்கு அவள் என்ன சொன்னாள் என்று புரியவில்லை. வேறு எதையோ முத்திரை குத்தப் போய்விட்டார்.

4

அன்று மத்தியானம் சௌந்திரம் எல்லா உறைகளிலும் சுரண்டினாள். ஓமலூரிலிருந்த புருசன் வகைச் சொந்தத்துக்கு எறும்புக் கண் அளவுக்கு ஒரு பொட்டு. சுரண்டிய மஞ்சளில் ஒரு பங்கை மட்டும் எடுத்துச் சின்னண்ணன் பத்திரிகையில், நாலு மூலை, முன்னும் பின்னும், பூசி மெழுகினாள். ஓமலூருக்கும் ஆத்தூருக்கும் பின்கோடு 636-இல் தொடங்குவதால் எல்லாம் ஒரே கட்டில் போயின. தீர்த்தகிரி நிறுத்தார், வகுத்தார், முள் கோட்டிலேயே நின்றது.

(அந்தக் காட்டு மஞ்சளின் கனம் அப்படி. ஒரு கிழங்கைக் கிணற்றில் போட்டால் தண்ணீர் பயந்து வெளியே வந்து நிற்கும்.)

இங்கேதான் எனக்குக் குழப்பம். அவள் தெரிந்தே செய்தாளா? சாதாரணமாகப் போகிற பத்திரிகை எங்கே போனது, கையில் வாங்கினாரா, வாய்க்காலில் வீசினாரா, ஒன்றும் தெரியாது. எடை கூடியது மட்டும்தான் பதில் கொண்டுவரும்: வாங்கினால் வராது, வாங்காவிட்டால் வரும். இவ்வளவு யோசனை அவளுடையதா, நான் ஏற்றிவைத்ததா? ஒருவேளை அண்ணன் என்பதால் கை தாராளமாகப் போயிருக்கலாம். அப்படியானால் மாமனை அவமானப்படுத்தியதாகத்தானே ஆகும்? கூடப்பிறந்தவள் வீட்டுக் கல்யாணச் செய்தியைத் தண்டம் கட்டி வாங்குவதா?

தாங்காமல் அவளையே கேட்டேன். எழுதுகிறவனுக்கு அந்த வசதி உண்டு.

“தெரிஞ்சுதான் செஞ்சீங்களா?”

“எழுதறது நீங்க. உங்களுக்கே தெரியாதுங்களா சாமி?”

“தெரியலியே.”

“அப்ப ஒரு ஓரமா உக்காருங்க. எனக்கு ஊட்டுல வேலை கெடக்குது.”

5

தினமும் தபால்காரர் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் சௌந்திரம் கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டு நிற்பாள். மணி வீட்டைத் தாண்டிப் போனதும் மூச்சு விடுவாள். “ஆரு கடுதாசுக்குக் காத்துட்டிருக்கற?” என்று மருதாசலம் கேட்டதற்கு, “வராம இருக்கோணும்னுதானுங்க காத்துட்டிருக்கறன்” என்றாள். மழைக்கு முன்னால் வருகிற தலைவலியில் ஏதோ உளறுகிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

முடிவுகள் என்னிடம் சில இருக்கின்றன.

அ. சின்னண்ணன் தண்டம் கட்டி வாங்கி, கோபத்தில் கொதித்து, “எங்கடா அந்த மருதாசலம், எடு என் காச” என்று முகூர்த்த நேரத்தில் பந்தலுக்குள் நுழைகிறார். வந்தவர் மாமன். பட்டத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். சாப்பாட்டில் ஜவ்வரிசிப் பாயசம்.

(எனக்குப் பிடித்தது இதுதான். பிடித்திருப்பதாலேயே சந்தேகமாக இருக்கிறது.)

ஆ. அவர் உறையைத் தொடாமலே, “வந்த வழியே போகச் சொல்லு” என்று தபால்காரரிடம் சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்று

(இதை எழுத முடியவில்லை. கதவுக்குப் பின்னால் நிற்கிற ஆளை எப்படி முடிப்பது?)

இ. உறை அவர் மேசையில் கிடக்கிறது. மஞ்சள் உதிர்ந்து உதிர்ந்து

கல்யாணத்தன்று காலை வரைக்கும் எனக்கு உறுதியாகத் தெரியும். பத்திரிகை திரும்பி வரவில்லை. கல்யாணத்தை நடத்திவைக்கிற அருமைக்காரர் மணவறையில் நின்று, “பட்டங் கட்டோணும், தாய்மாமன் வாங்க” என்று குரல் கொடுத்தார். மருதாசலம் ஏற்பாடு செய்திருந்த மாற்று மாமன் வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தார். சௌந்திரம் அவர் தோளைத் தொட்டு, “செத்த இருங்க” என்று உட்காரவைத்தாள்.

தெருக்கோடியில் ஏதோ ஒன்று திரும்புகிற சத்தம். ஆத்தூர்ப் பக்கத்துக் காராக இருக்கலாம். தபால்காரரின் சைக்கிளாகவும் இருக்கலாம்; அது அவர் வருகிற நேரம்தான்.

இதற்கு மேல் ஒரு தாள் எழுதினேன். எழுதியதை எல்லாம் சேர்த்து நிறுத்தால் முள் தாண்டுகிறது. உருவி மடித்து வைத்துக்கொண்டேன்.

சௌந்திரம் வாசல் பக்கம் திரும்பமாட்டாள். பயம். நீங்கள் வாசலை ஒட்டித்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். யார் வருவது என்று எட்டிப் பார்த்து, அவளிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.