நடுத்தட்டில் ஓர் அடைக்கலம்

பட்டினி கிடந்தது என்னவோ மீன்தான். ஆனால் வீட்டில் திட்டு வாங்கியது சின்னவள்.

மீனுக்குச் சீமாட்டி என்று பெயர். விரல் நீளம்கூட இல்லாத மாண்டரின் மீன். நீல உடம்பில் ஆரஞ்சுக் கோடுகள் கண்டபடி வளைந்து ஓடும். கொடுத்த எதையும் தொடாததால் அண்ணி வைத்த பெயர் அது. உலர்ந்த தீனியைப் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உறைந்த இறாலைத் துருவிப் போட்டால் கிட்டே வந்து பார்த்துவிட்டு, இதையா எனக்கு என்பது போல நகர்ந்துவிடும். பாறை மேல் ஊர்கிற உயிருள்ள பூச்சிகள்தான் அதற்குச் சாப்பாடு. எள்ளில் கால்வாசிகூட இல்லாத கடல்பூச்சிகள். பொழுது முழுக்கக் கொத்திக்கொத்தித் தின்றால்தான் அதன் வயிறு நிரம்பும். தொட்டியில் இருந்ததையெல்லாம் அது தின்று தீர்த்துவிட்டது. இப்போது வயிறு ஒட்டிப்போய், தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

பசித்தால் தானாகத் தின்னும் என்றார் அண்ணன். அவருக்கு எல்லாவற்றுக்கும் இந்த ஒரே வைத்தியம்தான். சின்னவள் கல்யாணம் வேண்டாம் என்று சொன்னபோதும் கொஞ்ச நாள் தனியாக இருந்து பார்க்கட்டும், தானாக வழிக்கு வருவாள் என்றுதான் சொன்னார். இப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று. இன்னும் வழிக்கு வரவில்லை. வருகிற எண்ணமும் இல்லை.

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸை அளவுக்கு அறுத்து, விளிம்பைத் தேய்த்து, பிரேமில் பொருத்த வேண்டும். நாள் முழுக்க அடுத்தவர்கள் பார்ப்பதற்காக உழைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், தனக்காகப் பார்ப்பதற்கு என்று அவள் வைத்திருந்தது கூடத்திலிருந்த அந்த ஒரு உப்புநீர்த் தொட்டிதான். பவளங்கள், இரண்டு கோமாளி மீன்கள், ஒரு நத்தைக் கூட்டம், சீமாட்டி. வீட்டை அப்பா இருவர் பெயரிலும்தான் எழுதிவைத்துவிட்டுப் போனார். ஆனால் அண்ணன் நடக்கிற நடையைப் பார்த்தால் ஏதோ தங்கைக்கு இடம்கொடுத்துக் காப்பாற்றுகிறவர் மாதிரி இருக்கும். அவரும் அப்படித்தான் மனதார நம்பினார். அதுதான் தொல்லை.

மீன்கடைக்காரர் வழி சொன்னார். பெரிய தொட்டியோடு சேர்த்துச் சின்னதாக ஒரு பெட்டி வைக்க வேண்டும். அதற்குள் மண், உடைந்த பாறைத் துண்டுகள், கம்பிச் சுருள் மாதிரி சிக்கலாக வளரும் கடல்பாசி, மேலே ஒரு விளக்கு. அவ்வளவுதான். மீன் மட்டும் கூடாது. தின்ன ஆள் இல்லாத இடத்தில் பூச்சிகள் நிம்மதியாகக் குட்டி போட்டுப் பெருகும். தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் சுற்றிக்கொண்டே இருக்கும். அதோடு கொஞ்சம் பூச்சிகள் அடித்துவரப்பட்டுப் பெரிய தொட்டிக்கு வந்து சேரும். தொட்டி அழுக்கையும் பாசி உறிஞ்சிக்கொள்ளும். ரெஃப்யூஜியம் என்று சொல்வார்களாம். அடைக்கலத் தொட்டி என்று அவள் வைத்துக்கொண்டாள்.

பெட்டியைத் தொட்டிக்கு மேலே வைத்தால் பூச்சிகள் பம்பில் அரைபடாமல் முழுசாக இறங்கும் என்றும் அவர் சொன்னார். மேலே என்றால் ஒரே இடம்தான் இருந்தது. தொட்டியை ஒட்டி நின்ற ஷோகேஸின் நடுத்தட்டு. அதில் அண்ணன் இளவயதில் இறகுப்பந்தில் வாங்கிய கோப்பைகள் வரிசையாக நின்றன. பெரும்பாலும் இரண்டாம் பரிசு.

முறையாகத்தான் கேட்டாள். சேற்றையும் பாசியையும் கொண்டுவந்து கூடத்தில் வைப்பதற்கு இது என்ன சாக்கடையா என்று கேட்டுவிட்டு அண்ணன் எழுந்து போய்விட்டார். இன்னொரு முறை கேட்டாள். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றார். கண்ணாடிப் பெட்டிக்கும் தன் நல்லதுக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. மூன்றாம் முறை அவள் கேட்கவில்லை.

விளிம்பில்லாத மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸில் துளை போடுகிற கைக்கு மீன்பெட்டியில் துளை போடுவது பெரிய வித்தையா? ஊசிமுனை லென்ஸுக்கு, கட்டைவிரல் பருமன் பெட்டிக்கு, வித்தியாசம் அவ்வளவுதான். கடையில் எல்லோரும் போன பிறகு தண்ணீரை ஊற்றி ஊற்றி நிதானமாகத் துளைத்தாள். மறுநாள் விடுப்பு போட்டாள். அண்ணன் வேலைக்குக் கிளம்பியதும் கோப்பைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, அவருடைய அறை பீரோ மேல் அதே வரிசையில் அடுக்கினாள். நடுத்தட்டில் பெட்டியை ஏற்றினாள். சின்ன பம்பு தண்ணீரை மேலே தள்ளியது, துளையில் மாட்டிய குழாய் வழியாக அது சலசலவென்று கீழே இறங்கியது. புட்டியில் வாங்கிவந்த பூச்சிகளை விளக்கை அணைத்துவிட்டு உள்ளே கவிழ்த்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் சமீபத்தில் எந்த வேலையையும் செய்ததில்லை.

சாயங்காலம் வீடு இரண்டுபட்டது. யாரைக் கேட்டு எடுத்தாய் என்றார் அண்ணன். இரண்டு தடவை உங்களைத்தான் கேட்டேன் என்றாள் அவள். அந்தத் தட்டு இல்லாமல் உன் மீன் செத்தா போகும் என்றார்.

“செத்துதான் போகும்ணா. அதான் எடுத்தேன். வீட்ல பாதி என்னுது. நான் எடுத்துக்கிட்டது ஒரு தட்டு.”

பாதி என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அதற்குப் பிறகு அவர் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். பேச வேண்டியதை அண்ணியிடம் சொல்வார்; சின்னவள் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, அவளிடம் குளியலறைக் குழாயைச் சரியாக மூடச் சொல் என்பார். அண்ணி இரண்டு பேரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

ஆனால் அண்ணிதான் முதலில் மாறினாள். சின்னவளுடைய உருப்பெருக்கி லென்ஸை ஒருநாள் சும்மா எடுத்துப் பெட்டியின் கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள். வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தவை உள்ளே தத்தித்தத்தி ஓடின. சில, வாலில் இரண்டு முட்டைப் பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடின. பிள்ளைத்தாச்சி மாதிரி இருக்கிறதே என்று அண்ணி சிரித்தாள். அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. மதியம் வேலையெல்லாம் முடிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, லென்ஸும் கையுமாக உட்கார்ந்துவிடுவாள். தொலைக்காட்சித் தொடரைவிட இது தேவலை, யாரும் அழுவதில்லை என்பாள்.

சீமாட்டியும் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டது. குழாய் வாய்க்கு நேர்கீழே உள்ள பாறையில் வந்து குந்திக்கொண்டது. மேலேயிருந்து விழுவதை டக் டக்கென்று கொத்தியது. ஒட்டிப்போன வயிறு மெல்ல நேரானது. வேலைவிட்டு வந்ததும் சின்னவள் முதலில் பார்ப்பது அந்த வயிற்றைத்தான். செருப்பைக்கூட அதற்குப் பிறகுதான் கழற்றுவாள்.

அண்ணனும் மெல்லப் பேச ஆரம்பித்தார். சாப்பிட்டாயா என்று நேராகவே கேட்டார். ஒப்புக்கொண்டுவிட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நினைப்புதான்.

அந்தச் சனிக்கிழமை கடையில் சரக்குச் சரிபார்ப்பு இருந்தது. அசந்துபோய் வந்து படுத்துவிட்டாள். அண்ணி தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். ஞாயிறு காலை சின்னவள் காபித் தம்ளரோடு பெட்டி முன்னால் வந்து நின்றாள். உள்ளே ஒரு மீன் இருந்தது. ஊதா உடம்பில் ஆரஞ்சுப் பட்டைகளோடு, பாசிக்குள்ளும் பாறைக்குள்ளும் புகுந்து புகுந்து வந்தது. ஒரு நொடி நிற்கவில்லை. வாய் மட்டும் ஓயாமல் எதையோ கொத்திக்கொண்டே இருந்தது.

பின்னாலிருந்து அண்ணன் சிரித்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டார். இன்றைக்கு மாலை ஒருவரும் அவருடைய அக்காவும் டீ சாப்பிட வருகிறார்கள், கட்டட வரைபடம் போடுகிறவர், மனைவி தவறிப் பல வருஷமாகிறது, தங்கமான குணம் என்று ஒரே மூச்சில் சொன்னார்.

“வர்றவங்க கண்ணுல முதல்ல படற இடம் சின்னு. வெறும் சேறும் பாசியுமா காலியா கெடந்துச்சு, பார்க்கவே நல்லா இல்ல. அதான் இருக்கறதுலயே அழகான மீனாப் பார்த்து வாங்கி விட்டேன்.”

அவள் லென்ஸை எடுத்துக் கண்ணாடியில் வைத்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். கண்ணாடி சுத்தமாக இருந்தது. ஒரு புள்ளிகூட ஓடவில்லை.

கோபத்தில் கத்தியிருக்கலாம். ஆனால் கத்துகிற நேரத்தில் அந்த மீன் இன்னும் நூறு பூச்சியைத் தின்னும். வலையை எடுத்தாள். இந்தப் பக்கம் விட்டால் அது அந்தப் பக்கம் பாறைச் சந்தில் நுழைந்தது. காலை முழுக்க விரட்டியும் வாலைக்கூடப் பிடிக்க முடியவில்லை. திரும்பி வந்த அண்ணி விஷயம் கேள்விப்பட்டு, புருஷனைப் பார்த்த பார்வையில் அவர் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். மொத்தத்தையும் பிரித்தால்தான் ஆகும் என்று சின்னவள் முடிவு செய்தாள். நாளைக்குப் பிரி, இன்றைக்கு அவர்கள் வருகிறார்கள் என்று அண்ணன் கெஞ்சினார். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விருந்தாளிகள் வந்தபோது கூடத்தில் நான்கு வாளிகள் இருந்தன. தரையெல்லாம் உப்புத் தண்ணீர். சின்னவள் பைஜாமாவை முழங்கால்வரை மடித்துவிட்டு, முழங்கைவரை சேற்றோடு, பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறிக்கொண்டிருந்தாள். வந்தவரின் அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். அண்ணன் திருதிருவென்று விழித்தார். வாங்க, உட்காருங்க, தரை வழுக்கும் என்றாள் சின்னவள், வேலையை நிறுத்தாமல்.

வரைபடக்காரர் உட்காரவில்லை. செருப்பை ஓரமாகக் கழற்றிவைத்துவிட்டு, என்ன பிடிக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னாள். அப்படியானால் இந்த மூலையை நான் அடைத்துக்கொள்கிறேன் என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிண்ணத்தோடு வந்து நின்றார். அதிகம் பேசவில்லை, குறுக்கே கை விடவும் இல்லை. கடைசிப் பாறையை எடுத்தபோது மீன் பாய்ந்து அவருடைய கிண்ணத்துக்குள்ளேயே போய் விழுந்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அண்ணன் முகத்தில் விளக்கு எரிந்தது.

டீ ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டுப் போனார்கள். நல்ல மனிதர் என்று சின்னவளுக்கும் தோன்றியது. தோன்றியதை அவள் மறைக்கவும் இல்லை.

ஊதா மீனைக் காற்றுக்குழாய் போட்ட வாளியில் விட்டு, அண்ணன் கையில் கொடுத்தாள். கடை நாளைக்குத்தான் திறக்கும், வாங்கியவர்தான் வைத்துக்கொள்ள வேண்டும், உங்கள் அறையில் வையுங்கள் என்றாள். பெரிய தொட்டியில் விடேன் என்றார். சீமாட்டியின் சோற்றில் பங்குக்கு ஆள் விட முடியாது என்றாள். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

“சரி, அதை விடு. அவர்கிட்ட என்ன குறை கண்ட?”

“ஒரு குறையும் இல்ல. நல்ல மனுஷன்.”

“அப்புறம் என்ன?”

“நல்லவரா இருந்தா சரின்னு சொல்லிடணுமாண்ணா? எனக்கு வேணாம்.”

அண்ணன் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை.

“வேலைக்குப் போற, வர்ற, உன் ரூம் கதவைச் சாத்திக்கிற. உன் வாழ்க்கை காலியா கெடக்கு சின்னு. அண்ணனா இருந்துக்கிட்டு என்னால பார்க்க முடியல.”

பாசத்தோடுதான் சொன்னார். அதனால்தான் அவளுக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. வெறும் அதிகாரம் என்றால் தூக்கி எறிந்துவிடலாம். பாசத்தை எந்தப் பக்கம் பிடித்து எறிவது? சேற்றுக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அவர் எதிரே வந்து நின்றாள்.

“இந்தப் பெட்டியையும் காலின்னுதான் சொன்னீங்க. உள்ள ஆயிரக்கணக்குல உசுரு இருந்துச்சு. உங்க கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான். நீங்க விட்ட மீன் நிஜமாவே அழகு. ஒரே நாள்ல எல்லாத்தையும் தின்னு தீர்த்துடுச்சு. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினா நான் சந்தோஷமா இருக்கேண்ணா. அதை உங்களுக்கு எந்த லென்ஸ் வச்சுக் காட்டணும்?”

அண்ணன் காலடியில் இருந்த வாளியிலிருந்த ஊதா மீனைக் குனிந்து பார்த்தார்.

அவள் பாசி கிடந்த வாளிக்குத் திரும்பினாள். பாசிச் சுருளைத் தூக்கித் தண்ணீரில் பலமாக உதறி, லென்ஸை வைத்துக் குனிந்து தேடினாள். அண்ணியும் பக்கத்தில் வந்து குனிந்தாள். வெகுநேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அண்ணி அவள் தோளை இறுக்கிப் பிடித்தாள். சுருளின் நடுவில், மீனின் வாய் எட்டாத சிக்கலுக்குள் இருந்து, ஒன்று தத்திக்கொண்டு வெளியே வந்தது. அதன் பின்னால் இன்னும் இரண்டு. ஒன்றின் வாலில் முட்டைப் பை இருந்தது.

போதும். இவை பெருகும்வரை சீமாட்டிக்குப் புட்டிப் பூச்சி வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். அவள் மண்ணைப் பரப்பினாள், பாறைகளை அடுக்கினாள், பம்பை ஓட விட்டாள்.

அண்ணனின் கைபேசி அடித்தது. திரையைப் பார்த்தார். வரைபடக்காரரின் அக்கா.

“முடிவு கேக்கறாங்க போல. நான் என்ன சொல்லட்டும்?” என்றார். முதல்முறையாக அவர் அவளிடம் உண்மையிலேயே கேட்டார்.

சின்னவள் பாசிச் சுருளை இரண்டு கையாலும் ஏந்திப் பெட்டிக்குள் இறக்கினாள்.

“இங்க இடம் இல்லைன்னு சொல்லுங்க.”