ஓட்டம் நிற்காமல் ஒரு கொப்பி

கணினியின் கறுப்புத் திரையில் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. மட்டக்களப்பு வாவியின் நீர்மட்டம், ஆறு இடங்களில், மணிக்கு மணி. வாவியைக் கடலிலிருந்து மறிக்கும் மணல்மேட்டை வெட்டினால் என்ன ஆகும் என்ற கணிப்பு. தொடங்கி இருபத்தாறு மணித்தியாலம் ஆகியிருந்தது. இன்னும் நான்கு.

தனுஷியா கைகளை மடியில் வைத்துக்கொண்டு அதன் முன் இருந்தாள்.

பெரியகல்லாற்றில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. வயல் வட்டைக்குள் இடுப்பளவு தண்ணீர், இன்றே வெட்டுங்கள் என்றார்கள் வயல்காரர். இறால் எல்லாம் கடலோடு போய்விடும், பொறுங்கள் என்றார்கள் மீன்பிடிக்காரர். ஐந்து மணிக்குக் கணிப்பு வரும் என்று அவர்களை இருத்தி வைத்திருந்தார், ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் உதயரூபன்.

கணிப்பு நேற்றே முடிந்திருக்க வேண்டியது. நேற்றுக் காலை ஒரு வரியைக் கொப்பி எடுக்க, கண்ட்ரோல், ஷிப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினாள். உப்புக் காற்றில் துருவேறிய ஷிப்ட் பிடிக்கவில்லை. மற்ற இரண்டும் மட்டும் போயின. வேறெங்கும் கொப்பி எடுக்கிற அந்த இரண்டு விசைகள், இந்தத் திரையில் ஓடுகிற வேலையை நிறுத்திவிடும். நிறுத்தியது. கரண்ட் போய்விட்டது என்று உதயரூபனிடம் பொய் சொன்னாள்.

தொலைபேசி அடித்தது.

"புள்ள, கடைசியா வந்த வரிய அனுப்பு. இவங்க என்ன நம்புறாங்க இல்ல. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா அனுப்பிட்டே இரி."

"ஓம் சேர்."

மவுஸால் மெனுவைத் திறந்து கொப்பி எடுத்து அனுப்பினாள். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை, வரியைத் தெரிவுசெய்ததும் இடக்கை தானாக அந்த இரண்டு விசைகளின் மேல் போய் நின்றது. பழகிய கை. வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

இன்னும் இருபது தடவையாவது கேட்பார். இந்தக் கையை நம்ப முடியாது.

அதே மெனுவின் அடியில் அமைப்புகள். அதற்குள் விசைகளின் பட்டியல். கொப்பிக்கு எதிரே மூன்று விசைகள். அதைத் தொட்டதும், புதியதை அழுத்து என்று காத்து நின்றது. கண்ட்ரோலையும் சியையும் கொடுத்தாள். ஏற்றுக்கொண்டது.

அவள் உடனே நம்பவில்லை. இன்னொரு சாளரம் திறந்து, ஒன்று, இரண்டு என்று எண்ணும் சின்ன வேலையொன்றை ஓடவிட்டாள். ஒரு வரியைத் தெரிவுசெய்து அழுத்தினாள். கொப்பி கிடைத்தது. எண்ணிக்கை நிற்கவில்லை. எதையும் தெரிவுசெய்யாமல் அழுத்தினாள். நின்றது. பத்துத் தடவை செய்தாள். பத்தும் அப்படியே: தெரிவு இருந்தால் கொப்பி, இல்லாவிட்டால் நிறுத்தம்.

மேனி சிலிர்த்தது. முகம் தெரியாத யாரோ ஒருவர், எங்கோ ஒரு நாட்டில், இந்த அவதி ஒருத்திக்கு வரும் என்று நினைத்துப் பார்த்திருக்கிறார்.

தொலைபேசி மறுபடி அடித்தது. பெரிய ஓட்டத்தில் கடைசி வரியைத் தெரிவுசெய்தாள். நிறம் மாறியதா என்று இருமுறை பார்த்தாள். அழுத்தினாள்.

கையை எடுத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

அடுத்த வரி வந்தது. அதற்கடுத்ததும். அவள் தொட்டது அந்த வாவிக்குத் தெரியவே இல்லை.

"என்ன புள்ள, பேயறைஞ்ச மாதிரி?" வாவித் தண்ணீர் மாதிரிகள் நிரம்பிய போத்தல்களோடு உள்ளே வந்தாள் ஸகியா, அவளோடு வேலை செய்பவள்.

"இஞ்ச பாருகா." அழுத்திக் காட்டினாள்.

"அல்லாவே, ஓட்டத்தக் கொல்லப் போறாய்!" ஸகியா அவள் கையைப் பிடித்தாள். எண்கள் ஏறின. பிடி தளர்ந்தது. "இன்னொருக்கா செய்."

செய்தாள். இருவரும் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நேத்து இது தெரிஞ்சிருந்தா கரண்ட் போயிருக்காது என்ன?" என்றாள் ஸகியா. "நான் அந்த நேரம் ஃபேனுக்குக் கீழதான் இருந்தன். ஃபேன் நல்லாச் சுத்தினது."

தனுஷியாவின் காது சுட்டது. "ஏன் சேரிட்டச் சொல்லல்ல?"

"நீ சொல்லுவாய் எண்டு பாத்தன்."

ஐந்து மணிக்கு ஓட்டம் முடிந்தது. நாளை வெட்டினால் மூன்று நாளில் வட்டை வடியும். கடைசி வரியைக் கொப்பி எடுத்து ஒட்டினாள். அதன் கீழே, ஒரு நாள் பிந்தியதற்குக் காரணம் கரண்ட் இல்லை, நான்தான் என்று எழுதி அனுப்பினாள்.

கூட்டம் முடிந்த பிறகுதான் உதயரூபனின் பதில் வந்தது. "நாளைக்கு வெட்டுறாங்க. ஒரு நாள் பிந்தினதுல மீன்காரர் இருந்த இறாலப் புடிச்சிட்டு வலைய எடுத்துட்டாங்க. அதாலதான் நீ தப்பினாய். இனிப் பொய் சொல்லாத."

கறுப்புத் திரையில் எண்கள் நின்றிருந்தன. அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.