முதல் அண்டைவீடு

விடியற்காலையில் யோனாஸ் இறந்ததும் டீனா செய்த முதல் காரியம், அடுக்களையில் இருந்த பெரிய கடிகாரத்தை நிறுத்தியதுதான். யோசித்துச் செய்யவில்லை. மாமனார் போனபோது நிறுத்தினாள். பிறந்த வாரத்திலேயே குழந்தை போனபோதும் நிறுத்தினாள். சாவு விழுந்த வீட்டில் கடிகாரம் ஓடக் கூடாது. கை பழகியிருந்தது, புத்தி பின்தங்கிவிட்டது.

ஊரைப் பொறுத்தவரை அந்தப் பண்ணையில் டீனாவும் அவள் கணவன் டெர்க்கும் மட்டுமே இருந்தார்கள். மாட்டு வியாபாரி யோனாஸும் அவர் மனைவி ரோஸாவும் இரண்டு வருஷமாக வைக்கோல் பரணில் ஒரு பலகைத் தடுப்புக்குப் பின்னால் இருந்தது யாருக்கும் தெரியாது. நாட்டைப் பிடித்திருந்த ஜெர்மன்காரர்களுக்குத் தெரியாமல் யூதர்களை ஒளித்து வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஆற்றின் அக்கரையில் கரிந்து நின்ற பண்ணையே சாட்சி. அதனால்தான் யோனாஸ் நெஞ்சுச்சளியோடு வாரக்கணக்கில் வாய்க்குள் சாக்கைத் திணித்துக்கொண்டு இருமினார். ரோஸா அழவில்லை. சத்தமில்லாமல் இருக்கப் பழகியவள், இப்போதும் சத்தமில்லாமல் அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காலைப் பால் கறந்து முடித்த நேரம் லாமெர்ட் உள்ளே வந்தார். கதவைத் தட்டும் வழக்கம் அவருக்கு இல்லை, தட்டவும் வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு முதல் அண்டைவீடு உண்டு. பிறப்போ சாவோ, ரத்த சொந்தத்துக்கு முன்னால் அங்கேதான் தகவல் போகவேண்டும். பிணத்தைக் குளிப்பாட்டுவதும் பெட்டி அடிப்பதும் அவர்கள் கடமை. டீனா வீட்டுக்கு லாமெர்ட் வீடு, லாமெர்ட் வீட்டுக்கு டீனா வீடு. ஆனால் லாமெர்ட்டின் மகன் ஜெர்மன் சீருடை மாட்டிக்கொண்டு கிழக்கே போரிடப் போயிருந்தான். லாமெர்ட்டின் கோட்டிலும் அவர்களுடைய கட்சிச் சின்னம் இருந்தது. இரண்டு வருஷமாக டீனா அவரை உட்காரச் சொன்னதில்லை.

"கன்னு இழுக்கக் கயிறு வேணும் டீனா. சிவப்பி இன்னிக்கே ஈனும்போல இருக்கு."

"நில்லுங்கண்ணே, எடுத்தாரேன்."

கயிற்றோடு திரும்பியபோது அவர் கடிகாரத்தின் முன் நின்றிருந்தார்.

"டெர்க் எங்க?"

"தொழுவத்துல."

"நல்லாத்தானே இருக்கான்?"

"அவருக்கென்ன, கல்லைத் தின்னாலும் செரிக்கும்."

"உங்கம்மா?"

"தங்கச்சி வீட்டுல. நல்லாத்தான் இருக்காங்க."

"அப்ப யாரு?"

டீனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "யாரும் இல்லண்ணே. கடிகாரம் ரிப்பேரு."

லாமெர்ட் கண்ணாடிக் கதவைத் திறந்து பெண்டுலத்தை ஒரு விரலால் தட்டிவிட்டார். அது ஆடத் தொடங்கியது. மாட்டின் நெஞ்சில் காது வைத்துக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"ஒண்ணும் கெடல. நல்லாத்தான் ஓடுது" என்றார். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டார். "மத்தியானம் டவுனுக்குப் போகணும். ஆபீஸ்ல வேலை இருக்கு."

பால் வண்டிக்காரன் பேரெண்ட் வந்தபோது டீனா வாசலுக்கே ஓடிவந்தாள். தலைமறைவு இயக்கத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். ரேஷன் அட்டைகளைப் பால் கேன்களுக்கு அடியில் கொண்டுவருவான். அவனுக்குப் பின்னால் யார் என்று அவள் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு.

நடந்ததைச் சொன்னாள்.

"ஏன்க்கா, நாக்கைக் கட்டிப்போட ரெண்டு வருஷம் பழகினோம். கையைக் கட்ட மறந்துட்டோமே" என்றான் பேரெண்ட். சிரிக்க முயன்றான், முடியவில்லை. "டவுனுக்குன்னு அவரே சொன்னாரா?"

"சொன்னாரு."

"எந்த ஆபீஸு?"

"சொல்லல. கட்சி ஆபீஸை விட்டா அவருக்கு வேற எந்த ஆபீஸு?"

பேரெண்ட் கேனைத் தூக்கி வண்டியில் வைத்தான். மூடியை அழுத்தி மூடினான். "மத்தியானம் நீங்க ரோட்டுப் பக்கம் எட்டிப் பாக்காதீங்க" என்றான்.

லாமெர்ட்டை டவுன் போய்ச் சேர விடமாட்டார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. வேண்டாம் என்ற சொல் வாய்வரை வந்தது. மேலே ரோஸா இருந்தாள். டீனா வாயைத் திறக்கவில்லை. வண்டி வாசலைத் தாண்டிப் போய்விட்டது.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே, வயலின் பின்பக்கமாக, லாமெர்ட் ஒரு சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு பனியில் வந்தார். வண்டியில் சாக்கு மூடி நீளமான ஓக் பலகைகள் கிடந்தன. ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் வீட்டுக்காரனின் சவப்பெட்டிக்கென்று பலகை காய்ந்துகொண்டிருக்கும். இவை லாமெர்ட்டுடையவை.

"யாருன்னு நான் கேக்கல" என்றார். "ஆளு என் உயரம் இருப்பாரா? அதை மட்டும் சொல்லு."

டீனா தலையை ஆட்டினாள். டெர்க்தான் அவரைத் தொழுவத்துக்குள் கூட்டிப்போனான். உடலை ஏற்கெனவே கீழே இறக்கி வைக்கோலில் கிடத்தியிருந்தார்கள். லாமெர்ட் துணியை விலக்கினார்.

"அட, நீயா!" என்றார். "பல்லு கொட்டின பசுவையெல்லாம் என் தலையில கட்டுனியே, படுபாவி." தொப்பியைக் கழற்றினார்.

அவர் குளிப்பாட்டினார், பலகையை அறுத்தார், ஆணி அடித்தார். சத்தம் கேட்டால் தீவனத்தொட்டி செய்வதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றார். நிமிர்ந்து பார்த்தபோது பரணில் இருந்த தடுப்பு கண்ணில் பட்டது. "டெர்க்கு, அது உன் பெட்டிக்கு வெச்ச பலகை இல்ல? உசுரோட இருக்கிறவங்களுக்கே ஆயிடுச்சா? நல்லதுதான்."

வெளியே மண் குளிரில் இறுகிக் கிடந்தது. தொழுவத்துக்குள் மாடுகள் நிற்கும் இடத்தில்தான் தோண்ட முடிந்தது. மூடியை அடிப்பதற்கு முன் லாமெர்ட் யோனாஸின் கையைத் தூக்கி, அதன் உள்ளங்கையில் தன் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார். சந்தையில் விலை படிந்ததும் இருவரும் தட்டிக்கொள்வது அப்படித்தான். "பேரம் முடிஞ்சது" என்றார். அந்தச் சத்தத்தில்தான் மேலே ரோஸாவுக்கு அழுகை வந்தது. ஒரே ஒரு விம்மல், பிறகு அதுவும் அடங்கியது.

கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே டீனா கேட்டாள். "அண்ணே, காட்டிக்குடுக்க மாட்டேன்னு காலையிலயே ஏன் சொல்லல?"

"நீ சொல்லல. நான் எப்படிச் சொல்றது?"

"டவுனுக்குப் போகலையே?"

"போகணும். வாராவாரம் அந்த ஆபீஸ்ல தலையைக் காட்டணும். காட்டலன்னா ஏன்னு கேட்டுத் தேடி வருவாங்க. இன்னிக்கு நம்ம பக்கம் ஒருத்தனும் வரக் கூடாதுல்ல?"

"போகாதீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் குவளையைக் கீழே வைத்தாள்.

"நான் சொல்லிட்டேன்" என்றாள். "நின்ன கடிகாரத்தை நீங்க பாத்துட்டீங்கன்னு ஒருத்தர்கிட்ட சொல்லிட்டேன்."

லாமெர்ட் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றினார். யாரிடம் என்று கேட்கவில்லை. கோபமும் இல்லை. "சொல்லத்தான் செய்வே. பையன் போட்ட சட்டை அப்படி" என்றார்.

"ரோட்டுல வேணாம். ஓடையோரமாப் போங்க."

"பனியில காலடி உன் தொழுவத்துலேர்ந்து நேரா கிளம்பும். நான் எங்கயாவது விழுந்து கிடந்தா, அதைப் புடிச்சுக்கிட்டே இங்க வந்துடுவாங்க. நான் என் வீட்டுக்குத் திரும்பி, என் வாசல்லேர்ந்து ரோட்டுல போறேன். சறுக்குவண்டித் தடத்தைக் கேட்டா, தீவனத்தொட்டி செய்ய மரம் இரவல் குடுத்தேன்னு சொல்லு." தொப்பியை வைத்துக்கொண்டார். "நீ அந்த ஆளைப் புடிச்சு, சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கு. நான் மெதுவாத்தான் நடப்பேன்."

டீனா மரச்செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வயலுக்குக் குறுக்கே ஓடினாள். பேரெண்ட் பால் பண்ணையில் கேன் கழுவிக்கொண்டிருந்தான். அவள் சொல்லச் சொல்ல அவன் முகம் வெளுத்தது. இருவருமாகச் செருப்பு தைப்பவரின் கடைக்கு ஓடினார்கள். பேரெண்ட் கொடுத்த சொல் அங்கேதான் போயிருந்தது.

வாயில் ஆணிகளோடு உட்கார்ந்திருந்த செருப்புக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார்.

"போயிடுச்சே தம்பி."

"யாருகிட்ட?"

"வந்தவர் பேரு எனக்குத் தெரியாது. முகத்தைக்கூட நான் நிமிந்து பாக்கறதில்ல. தெரியக் கூடாதுன்னுதானே இப்படி வெச்சிருக்கோம்?"

ஒருவன் பிடிபட்டால் ஒரு பெயருக்கு மேல் வெளியே வராது. இத்தனை நாள் அவர்களையெல்லாம் உயிரோடு வைத்திருந்தது அந்த விதிதான். முன்னால் போகிற சொல்லுக்கு வழி இருந்தது, திரும்பி வருகிற சொல்லுக்கு யாரும் வழி வைக்கவில்லை.

டீனா ரோட்டை நோக்கி ஓடினாள். மேற்கே பீரங்கிகள் காலையிலிருந்து உறுமிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலில் ஒற்றைத் துப்பாக்கிச் சத்தம் கேட்டிருக்காது. வளைவில் பால் பண்ணையின் இன்னொரு குதிரைவண்டி நின்றிருந்தது. அதைச் சுற்றி ஆட்கள், தொப்பிகளைக் கையில் வைத்துக்கொண்டு. அவள் கிட்டே போகவில்லை.

இருட்டுவதற்குள் லாமெர்ட்டின் மனைவி யன்னா டீனாவின் வாசலில் வந்து நின்றாள்.

"அவரு போயிட்டாரு. யாரோ சுட்டுட்டாங்க" என்றாள். "முதல் வீடு இல்லையா, அதான் முதல்ல உங்கிட்ட வந்தேன்."

டீனா போனாள். அந்த வீட்டுக் கடிகாரத்தை நிறுத்தினாள். தண்ணீர் சுடவைத்தாள். சட்டையைக் கழற்றும்போது அவர் விரல் இடுக்குகளில் ஓக் மரத்தூள் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். யன்னா பார்ப்பதற்குள் துடைத்துவிட்டாள்.

"பரண்ல பலகை இருக்கு. போன மாசம்தான் பூஞ்சை தொடைச்சு வெச்சாரு. நீ போய்ப் பாரு, எனக்கு ஏணியில ஏற முடியாது" என்றாள் யன்னா.

டீனா ஏறினாள். வேறு என்ன செய்ய முடியும்? தூசியில்லாத நீளமான இடம் ஒன்று மட்டும் அங்கே இருந்தது. அதன் முன்னால் குனிந்து நின்றாள்.

"இருக்கா டீனா?"

"இல்ல."

"இல்லையா? நல்லாப் பாரு."

"இல்ல யன்னா."

அவள் இறங்கி வரும்வரை யன்னா ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "சரி. டெர்க்குக்கு வெச்ச பலகையைக் குடு. அப்புறம் வாங்கித் தந்துடறேன்."

அந்தப் பலகைகளுக்குப் பின்னால் ரோஸா உட்கார்ந்திருந்தாள்.

"எங்ககிட்டயும் இல்ல."

யன்னா அவளை வெகுநேரம் பார்த்தாள். "ரெண்டு வீட்டுலயும் இல்ல" என்றாள் மெதுவாக. பிறகு எதுவும் கேட்காமல் விளக்கின் திரியைத் தணித்தாள். "டெர்க்கைக் கூட்டிட்டு வா. எங்க தொழுவக் கதவைக் கழட்டிப் பெட்டி அடிக்கட்டும்."

டீனா வயலைக் கடந்து வீட்டுக்கு நடந்தாள். சறுக்குவண்டித் தடத்தின் மேல் புதுப் பனி விழுந்துகொண்டிருந்தது. அடுக்களைக்குள் விளக்கில்லை. டெர்க் என்று கூப்பிட வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். காலையில் லாமெர்ட் தட்டிவிட்ட கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.